அண்ணனின் இடப்பக்கம்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு அண்ணனைப் பற்றி ஒரு கேள்வி இருக்கிறது. எனக்கா தெரியாது! கலியாண வீடென்றாலும் செத்த வீடென்றாலும் என்னை ஒரு மூலைக்கு இழுத்து, "உங்கட அண்ணன் ஏன்கா அப்படி?" என்று கேட்டவர்கள்தானே நீங்கள். தான் இருக்கும்வரை வாய் திறக்கக்கூடாது என்று அண்ணன் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அவர் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டாகிறது. அவருடைய மகள், என் மருமகள், "மாமி, நீங்கதான் எழுதவேணும்" என்று பிடித்துக்கொண்டாள். ஆகவே எழுதுகிறேன். நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

அண்ணன் பிறந்தது பனிச்சங்கேணியில். அப்பா களப்பில் வலை வீசியும், மழைக்காலத்தில் காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்தும் எங்களை வளர்த்தார். அவர் இறந்த பின்பு அம்மா இறால் விற்று அண்ணனைப் படிக்க மட்டக்களப்புக்கு அனுப்பினார். அங்கே பாடசாலை பாண்ட் அணியில் அவர் ட்ரம்பெட் பழகினார். விடுமுறைக்கு வந்தால் வீட்டுக்குள் ஊதுவார். "கோழியெல்லாம் ஓடுது, நிப்பாட்டு மகன்" என்று அம்மா கத்துவார். போர்க்காலத்தில் எத்தனை தடவை இடம்பெயர்ந்தோமோ, அத்தனை தடவையும் அந்தப் பாடசாலையின் பழைய ட்ரம்பெட்டைச் சாக்கில் சுற்றிக்கொண்டு நடந்தவர் அவர்.

பின்பு வளைகுடா நாடொன்றுக்கு உடுப்புக் கழுவும் வேலைக்குப் போனார். போன இடம் அந்த நாட்டுப் படையின் வாத்திய அணி தங்கியிருந்த பாசறை. அணிக்கு ட்ரம்பெட் ஊத ஆள் தேவைப்பட்டது. அண்ணன் கேட்டார், ஊதிக் காட்டினார், எடுத்துக்கொண்டார்கள். நேற்றுவரை தான் இஸ்திரி போட்ட சட்டையைத் தானே போட்டுக்கொண்டு நின்ற படத்தை எங்களுக்கு அனுப்பியிருந்தார். அம்மா அதைப் பார்த்து, "மாப்பிள்ளை மாதிரி இரிக்கான்" என்று அழுதார்.

அந்த அணி வருடாவருடம் குளிர்நாடுகளுக்குச் சுற்றுப்பயணம் போகும். கோட்டை முற்றங்களில், ஆயிரக்கணக்கான சனத்துக்கு முன்னால் அணிவகுத்து வாசிப்பார்கள். பார்க்கிறவனுக்குப் பவிசு. உள்ளே கிடந்தவனுக்குத்தான் தெரியும். பெரிய மண்டபங்களில் வரிசையாகக் கட்டில், விடிய முதல் பித்தளைப் பொத்தான்களை மினுக்குவது, சப்பாத்துக் கடித்த காலோடு மறுபடி நடப்பது, உப்புப் புளி இல்லாத சாப்பாடு. அண்ணன் ட்ரம்பெட் பெட்டிக்குள் மிளகாய்த்தூள் ஒளித்துக் கொண்டுபோவார். அதைப் பங்குபோட்டவர் சலீம் என்ற அந்த நாட்டுக்காரர். அணிவகுப்பில் அண்ணனுக்கு இடப்பக்கத்தில் நிற்பவர். மேற்குரலை அண்ணன் ஊத, கீழ்க்குரலை அவர் ஊதுவார். ஒருமுறை அண்ணன் காய்ச்சலில் பிதற்றிக்கொண்டு கிடந்தபோது, கட்டிலருகே இருந்து நெற்றிக்கு ஈரத்துணி வைத்தவரும் அவர்தான்.

ஒரு பயணத்தில், கடைசி நிகழ்ச்சிக்கு முதல்நாள், சலீம் எழும்பவில்லை. உறக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது.

அந்த அணிக்கு ஒரு வழக்கம் உண்டு. பயணத்தில் ஒருவர் இறந்தால் வரிசையை நெருக்கமாட்டார்கள். அவருடைய இடத்தை வெறுமையாக விட்டு, அங்கே ஆள் நடப்பதுபோலவே நடப்பார்கள். சொந்தப் பாசறைக்குத் திரும்பியபின் பாண்ட் மாஸ்டர் அந்த வெற்றிடத்தைப் பார்த்து நின்று, வரிசையை நெருங்கும்படி உத்தரவு கொடுப்பார். பக்கத்தில் நின்றவர் ஓரடி எடுத்து வைப்பார். அத்தோடு இறந்தவருக்கு விடுதலை. உத்தரவைக் காதால் கேட்காமல் நெருங்குவது செத்தவனைத் தள்ளிவிடுவது போல என்பார்கள்.

கடைசி நிகழ்ச்சி பனிமூட்டத்தில் நடந்தது. அண்ணன் மேற்குரலை ஊதினார். இடப்பக்கத்திலிருந்து கீழ்க்குரல் கேட்டதாம். தலையைத் திருப்பக்கூடாது, அது ஒழுங்கு. "திருப்பியிருந்தாலும் பாத்திருக்கமாட்டன் தங்கச்சி, பயம்" என்று என்னிடம் சொன்னார். மறுநாள் பாண்ட் மாஸ்டர் ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டுவிட்டு, சலீமின் பகுதியை வாசித்தவன் யார் என்று சத்தம்போட்டாராம். ஒருவரும் வாசிக்கவில்லை.

திரும்பும் வழியில் விமான நிலையத்தில் வைத்து அம்மா இறந்த செய்தி அண்ணனுக்குக் கிடைத்தது. அணி பாசறைக்குப் போனது. அண்ணன் கொழும்பு விமானத்தில் ஏறினார். அவர் அம்மாவுக்குக் கொள்ளி வைத்த அன்று அங்கே உத்தரவு கொடுக்கப்பட்டது. எல்லோரும் கேட்டார்கள். கேட்கவேண்டிய ஒருவர் மட்டும் கேட்கவில்லை. ஒப்பந்தமும் முடிந்திருந்ததால் அவர் திரும்பிப் போகவேயில்லை.

மறுவருடம் பெரியகல்லாற்றில் பெண் எடுத்தார். தாலி கட்டியபின் பெண்ணை மாப்பிள்ளையின் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாற்றி இருத்துவது எங்கள் வழக்கம். மச்சாள் எழும்பினார். அண்ணன் கையை நீட்டித் தடுத்தார்.

"ஐயா, அங்கால ஆள் இரிக்கு" என்றார்.

ஐயர் திகைத்துப்போனார். சபையில் சிரிப்பு. மச்சாளின் முகம் கறுத்துப்போனதை நான் பார்த்தேன். அன்றிலிருந்து அவர் வலப்பக்கத்துப் பெண்சாதி. கோயிலில், படத்தில், பாயில், எங்கும் வலப்பக்கம். விசயத்தை அறிந்த பிறகும் அவர் சண்டை பிடிக்கவில்லை. என்னிடம் மட்டும் ஒருநாள், "சக்களத்தி எண்டா தலைமயிரைப் பிடிச்சு இழுக்கலாம். இதுக்கு நான் என்னகா செய்ய?" என்று அழுதார். அந்தப் பக்கத்தில் ஒரு நாளாவது இருந்துவிடவேண்டும் என்பதே அவருடைய ஆசையாக இருந்தது. வேறெதையும் அவர் கேட்டதில்லை.

எனக்கும் முதலில் இது பைத்தியமாகத்தான் பட்டது. ஒரு தீபாவளிக்கு அண்ணனும் நானும் காத்தான்குடிக்குப் புடவை எடுக்கப் போனோம். கடைக்காரர் அண்ணனுக்குச் சாரத்தை மடித்துக் கொடுத்துவிட்டு, "அப்ப அவருக்கு?" என்று கேட்டார்.

"ஆருக்கு?" என்றேன் நான்.

"ஒங்கட அண்ணனுக்கு இடப்பக்கம் நிண்டாரே, ஒசந்த மனிசன். வெளிய போயிட்டாரா?"

நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். அண்ணன் ஒன்றும் நடக்காததுபோல, "அவருக்கும் ஒண்டு தாங்க" என்றார்.

அதற்குப் பிறகு நான் கவனிக்கத் தொடங்கினேன். கவனிக்காமலே இருந்திருக்கலாம். நெரிசலான பேருந்தில் அவருக்கு இடப்பக்கம் இடம் கிடந்தாலும் ஒருவரும் இருக்கமாட்டார்கள். வந்து பார்த்துவிட்டு அப்பால் போவார்கள். வாவியில் தோணி விடும்போது அண்ணன் வலப்பக்க ஓரமாகத்தான் குந்துவார். தோணி அந்தப் பக்கம் சாயவேண்டுமா இல்லையா? சாயாது. நீர்மட்டத்துக்கு நேராகப் போகும். கரையில் நின்று அதைப் பார்த்த நாளில் நான் சாமிக்கு நேர்த்தி வைத்தேன்.

இத்தனைக்கும் அண்ணனைப்போல ஒரு மனிதர் கிடைக்கமாட்டார். ஊர்ப் பிள்ளைகளுக்குச் சும்மா வாத்தியம் பழக்கினார். வெள்ளம் வந்தால் முதலில் அவருடைய தோணிதான் இறங்கும். மச்சாளை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை.

நோய் முற்றி, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று வைத்தியசாலையில் சொல்லிவிட்டார்கள். கட்டிலின் இடப்பக்கம் ஒரு வெறும் கதிரை. மச்சாள் வலப்பக்கம் நிலத்தில். அண்ணனுக்குக் கண் மூட முடியவில்லை. "நான் போனா அவன் தனிய நிப்பான், உத்தரவு இல்லாம அவனுக்கும் போகேலா" என்று புலம்பிக்கொண்டேயிருந்தார்.

மருமகள் முகநூலில் தேடி, அந்த அணியில் கிளாரினெட் வாசித்த மலையாளி ஒருவரைப் பிடித்தாள். தமிழ் பேசுவார். கைத்தொலைபேசியில் முகம் பார்த்துக் கதைத்தோம். பாண்ட் மாஸ்டரிடம் சொல்லி உத்தரவு வாங்கித் தரமுடியுமா என்று கேட்டேன்.

"மாஸ்டர் இறந்துபோயிட்டாரு சேச்சி. அந்த வரிசையில உயிரோட இருக்கிறதில மூத்தவரு இப்ப உங்க அண்ணன்தான். அவர் வாயாலதான் குடுக்கணும்."

அண்ணனிடம் சொன்னேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "காய்ச்சலில எனக்குப் பக்கத்தில இருந்தவன்கா. அவனை எப்படிகா போகச் சொல்ற?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அவரைப் போகச் சொல்ல வேணாம் எண்டா, மச்சாளை எவ்வளவு காலத்துக்கு நிக்கச் சொல்றீங்க?" என்று கத்திவிட்டேன். மச்சாள் என் வாயைப் பொத்தினார். அண்ணன் அவரையே வெகுநேரம் பார்த்தார்.

பின்னேரம் தன்னை நிமிர்த்தி இருத்தச் சொன்னார். சட்டைப் பொத்தான்களைப் பூட்டச் சொன்னார். கதிரையை நேராகப் பார்த்து, அந்த நாட்டுப் பாசையில், வரிசையை நெருங்கும் அந்த உத்தரவை, மூச்சே இல்லாத அந்த நெஞ்சிலிருந்து அப்படி ஒரு சத்தமாகக் கொடுத்தார். வாசலில் படுத்திருந்த நாய் எழும்பி வழிவிட்டது. வெளியே யாரும் போகவில்லை.

"இப்ப வாகா" என்றார் மச்சாளிடம்.

மச்சாள் கட்டிலைச் சுற்றிப் போய்க் கதிரையில் இருந்தார். இருந்தவர் திடுக்கிட்டு என் முகத்தைப் பார்த்தார். "சூடா இரிக்கு" என்றார் மெதுவாக. எழும்பவில்லை. அண்ணனின் இடக்கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மறுநாள் காலை அண்ணன் போகும்வரை அந்தக் கையை விடவேயில்லை.

அண்ணனின் நோய்க்காலத்தில் தோள் கொடுத்த வைத்தியர்கள், தாதிமார், தோணியில் மரக்கறியும் மீனும் கொண்டுவந்து போட்ட அயலவர், பந்தல் போட்ட இளைஞர், பறை அடித்தோர், தூர இருந்து அழைத்து அழுத உறவுகள், எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ஒருவரையும் மறக்கமாட்டோம்.

இன்னும் ஒருவர் இருக்கிறார். சலீம் அண்ணர், இந்த மலர் உங்களுக்கு எப்படி வந்து சேருமோ எனக்குத் தெரியாது. எழும்பி இடம் தந்தீர்கள். மச்சாள் உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார்.