கோர்தோபாவுக்கு மூன்று நாள்

காலை ஐந்து ஐம்பது. முதலில் கண்ணில் பட்டது மே மாதம். நடந்துகொண்டிருந்தது ஜனவரி. முந்தின நாள் மாலை நான் சுவர்க் காலண்டரைப் புரட்டி மே மாதத்தில் நிறுத்தி, தாள் விழாமலிருக்கத் துணிக்கிளிப் ஒன்றை மாட்டியிருந்தேன். என் கணவர் கன்னத்தில் ஷேவிங் சோப்போடு அதன் முன் நின்றார்.

"இது என்ன, மாசம் மாறிக் கிடக்கு?"

"அந்த மாசந்தானே உங்களுக்கு லீவு" என்றேன்.

டிக்கெட் எடுத்துத் தரும் கடை ஒன்றில் கொடுத்த காலண்டர் அது. மே மாதப் படத்தில் வெள்ளையடித்த ஒரு முற்றம். நாலு பக்கச் சுவரிலும் மாடி உயரத்துக்குப் பூந்தொட்டிகள் தொங்கின. கீழே, நீளக் கம்பின் நுனியில் ஒரு தகர டப்பாவைக் கட்டி, ஒரு பெண் மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். படத்துக்கு அடியில் மூன்று வரி. ஸ்பெயினில் கோர்தோபா என்ற நகரம். ஆண்டுதோறும் மே மாதத்தில் இரண்டு வாரம்போல வீட்டுக்காரர்கள் தெருக்கதவைத் திறந்து வைப்பார்கள். முன்பின் தெரியாதவர்களும் உள்ளே வந்து முற்றத்தைப் பார்க்கலாம். அழகான முற்றத்துக்குப் பரிசு உண்டு. கல்யாணத்துக்கு முன் ஆறு வருடம் சென்னையில் ஒரு நாளிதழில் பிழை திருத்தும் வேலை பார்த்தவள் நான். மூன்று வரியில் பிழை எதுவும் இல்லை.

ஷார்ஜாவில் அது எங்களுக்கு நான்காவது வருடம். இரண்டாம் மாடியில் வீடு. கீழே இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் மதில் எழுப்பிய வீடுகள். சமையலறை ஜன்னலிலிருந்து ஒரு மதிலுக்கு மேலே மரத்தின் உச்சி மட்டும் தெரியும். வாளி வைக்கும் சத்தம் வரும், பெண்கள் சிரிப்பது கேட்கும், காப்பி வறுக்கும் வாசனை வரும். உள்ளே எப்படி இருக்கும் என்று நான்கு வருடத்தில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. யார் மேலும் குறை இல்லை. அவர்கள் கூப்பிடவில்லை, நான் கதவைத் தட்டவில்லை. கதவைத் தாங்களே திறந்து வைக்கும் ஊர் ஒன்று இருக்கிறது என்றதும், அங்கே ஒரு முற்றத்தில் போய் நிற்கவேண்டும் என்று தோன்றியது.

கம்பெனி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முப்பது நாள் லீவும் சென்னைக்கு டிக்கெட்டும் தரும். லீவு என்றால் ஊர். வேறு அர்த்தம் யாருக்கும் கிடையாது. அந்த முப்பதில் கோர்தோபாவுக்கு மூன்று நாள், போக வர இரண்டு நாள், ஆக ஐந்து நாள் கேட்டேன்.

"அஞ்சு நாளா? உங்கம்மாகிட்ட யார் சொல்றது?" என்றார் கணவர்.

"எழுதிட்டேன். பதிலும் வந்தாச்சு."

"என்ன எழுதியிருக்காங்க?"

"ஸ்பெயின் எந்தப் பக்கம்னு கேட்டிருக்காங்க."

கஷ்டம் பாஸ்போர்ட்டில் இருந்தது. வேலைக்கு வந்த அன்றே எல்லோருடைய பாஸ்போர்ட்டும் கம்பெனியின் இரும்புப் பெட்டிக்குள் போய்விடும். லீவுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மாலைதான் கைக்கு வரும். ஸ்பெயின் விசாவுக்கோ அதைப் பல வாரம் முன்னாலேயே அனுப்பியாக வேண்டும். எனக்கென்று தனி பாஸ்போர்ட் இல்லை. அந்நாளில் பலருக்கும் இருந்ததுபோல, கணவர் பாஸ்போர்ட்டில் ஒரு பக்கத்தில் என் படத்தை ஒட்டி முத்திரை குத்தியிருந்தார்கள். பெட்டி திறக்காவிட்டால் நான் எங்கேயும் போக முடியாது.

பிப்ரவரியில் கணவர் ஒருமுறை கேட்டுப் பார்த்தார். முடியாது என்றார்கள். அடுத்த வியாழக்கிழமை நானும் கூடப் போனேன். தொழில்பேட்டையில் ஒரு காரேஜுக்கும் சிமென்ட் கல் அறுக்கும் இடத்துக்கும் நடுவில் அலுவலகம். பெட்டிச் சாவி வைத்திருந்தவர் ஹைதராபாத்காரர், மரியாதையான மனிதர். எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"ஸ்பெயின் மே ஆப்கா கோன் ஹை?" என்றார். அங்கே உங்களுக்கு யார் இருக்கிறார்கள்?

யாரும் இல்லை என்றேன். பிறகு எதற்கு என்றார். வீடுகளைப் பார்க்க என்றேன். அவர் என் கணவர் பக்கம் திரும்பி, "சச் போலோ பாய். உதர் நௌக்ரி மில் கயா?" என்றார். அங்கே வேலை கிடைத்துவிட்டது, திரும்பி வரமாட்டோம் என்றுதான் அவர் நினைத்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அதற்கு முந்தின வருடம் ஒரு வெல்டர் அப்படி ஐரோப்பா வழியாகப் போனவர் திரும்பவில்லை. முதலாளிக்கு இவர்தான் பதில் சொல்லவேண்டியிருந்தது.

நான் எழுந்திருக்கவில்லை. மதியத் தொழுகைக்குப் போய்விட்டு வந்து பார்த்தார்; அதே நாற்காலியில் இருந்தேன். ஒரு வழி சொன்னார். எங்களுக்காக ஒரு ஆள் ஜாமீன் எழுதிக் கொடுக்கவேண்டும். நாங்கள் வேலைக்குத் திரும்பும்வரை அந்த ஆளுக்கு லீவு கிடையாது. "ஏக் ஆத்மி. கலாஸ்." ஒரே ஒரு ஆள், அவ்வளவுதான்.

மே மாதம் லீவு எழுதிப் போட்டிருந்த இன்னொருவர் ஸ்டோர்கீப்பர். திருநெல்வேலிப் பக்கம். குடும்பம் ஊரில், அவர் கம்பெனி ஆட்கள் தங்கும் கேம்ப்பில். வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. ரசம் ஊற்றும்போது கேட்டேன்.

"பூந்தொட்டி பாக்கவா போறிய, மதினி? தொட்டியில என்ன அல்வாவா காய்க்கி?"

"போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

"நீங்க பாக்கதுக்கு நான் இங்கன வெயில்ல காயணும். நல்லாருக்கே நியாயம்."

"ஒரு மாசந்தான். ஜூன்ல நீங்க போகலாம்."

அவர் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு என் கணவரிடம், "அண்ணாச்சி, மதினி இத விடமாட்டாவளோ?" என்றார்.

"ஜனவரியில இருந்து எனக்கு வீட்டுல மே மாசம்" என்றார் கணவர்.

"சரி, கையெழுத்துப் போடுதேன். ஆனா எம் பொண்டாட்டிக்கு நீங்களே ஒரு லெட்டர் போட்டுருங்க மதினி. நான் எழுதுனா நம்பமாட்டா. இங்கன எவளயோ சேத்துக்கிட்டேன்னு நெனப்பா."

அன்றே எழுதினேன். முகம் தெரியாத ஒரு பெண்ணிடம் அவள் கணவனை ஒரு மாதம் தாமதமாக அனுப்புவதற்கு அனுமதி கேட்டு எழுதிய கடிதம். ஒரு பக்கம்தான், நான்கு முறை திருத்தினேன். மூன்று வாரத்தில் பதில் வந்தது. "சரி. ஜூன் தாண்டக் கூடாது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

ஏப்ரல் நடுவில் பாஸ்போர்ட் கைக்கு வந்தது. சாப்பாட்டு மேஜையில் வைத்துப் பக்கம் பக்கமாகப் படித்தேன். போன லீவு முடிந்து விமானம் இறங்கிய நாளுக்குப் பிறகு எங்களில் யாரும் அதைத் திறந்ததில்லை. எந்தெந்த நாட்டுக்குச் செல்லும் என்று கையால் எழுதிய பக்கம் வந்தது. அப்போதெல்லாம் எங்கள் பாஸ்போர்ட் அதில் எழுதியிருக்கும் நாடுகளுக்குத்தான் செல்லும். எமிரேட்ஸ், கத்தார், பஹ்ரைன், குவைத், ஓமன் என்று இருந்தது. ஸ்பெயின் இல்லை. டிக்கெட், லீவு, ஜாமீன், ரயில் நேரம் என்று மூன்று மாதம் திட்டம் போட்ட நாங்கள் அந்த ஒரு பக்கத்தை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

"விட்டுடலாமா?" என்றார் கணவர்.

"நாளைக்கு அபுதாபி போகணும். ஏழு மணி டாக்சிக்கு."

நம் தூதரகத்தில் கவுன்ட்டரில் இருந்தவர் தமிழர். பயண நோக்கம் என்ற இடத்தில் வீட்டு முற்றங்களைப் பார்க்க என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். அவர் இரண்டு தடவை படித்தார்.

"டூரிசம்னு போடுங்கம்மா. முற்றம்னு போட்டா மேல கேள்வி வரும்."

அடித்து மாற்றினேன். ஓமனுக்குக் கீழே அவர் ஸ்பெயினை எழுதி முத்திரை வைத்தார்.

அடுத்து விசா. ஸ்பெயினுக்கு எங்கள் பக்கத்தில் தூதரகம் இல்லை. காலண்டர் கொடுத்த டிக்கெட் கடை மலையாளி, தெரிந்த ஆள் மூலம் பாஸ்போர்ட்டை வேறு நாட்டுக்கு அனுப்பினார். மே பிறந்தது. கோர்தோபாவில் கதவுகளைத் திறந்துவிட்டார்கள். நான் தினமும் பகல் பன்னிரண்டு மணிக்குக் கீழே மளிகைக் கடைக்குப் போய் அவருக்கு போன் செய்தேன்.

"வந்நில்ல சேச்சி. நாளெ."

எட்டு நாள் அதே பதில். ஒன்பதாம் நாள், புதன்கிழமை, அவரே பாஸ்போர்ட்டோடு படியேறி வந்தார். விசா மூன்று நாளைக்கு. திருவிழா வரும் ஞாயிற்றுக்கிழமை முடிகிறது என்றார். வெள்ளிக்கிழமை விமானத்தில் இடம் இருக்கிறதாம். மாட்ரிட்டில் இறங்கி, ராத்திரி ரயில் பிடித்தால் சனிக்கிழமை காலை ஊர் போய்விடலாம்.

"மூணு நாள்னு திட்டம் போட்டோம். இப்ப ரெண்டு நாளுக்காகவா அவ்வளவு தூரம்?" என்றார் கணவர்.

"ஒரு நாள்னாலும் போறோம்" என்றேன். அவர் மலையாளியிடம் தலையசைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு நாற்பதுக்கு விமானம் கிளம்பியது.