ரோஷன் பீவி வைத்த கழுத்துக்கறி

வில்லியனூர் தேரடிக்குப் பின்னால் இருக்கிற சந்தில் போய் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ரோஷன் பீவிக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று. கொஞ்சமாம்! குழாயடியில் அவள் குடத்தைக் கொண்டுபோய் வைத்தால் வரிசை தானாக ஒதுங்கும். ஆனால் அதே சந்தில் யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் கஞ்சித் தூக்கோடு முதல் ஆளாகப் போய் நிற்கிறவளும் அவள்தான். போன இடத்தில் காய்ச்சல்காரரையே நாலு திட்டு திட்டிவிட்டு வருவாள், அது வேறு விஷயம்.

அவள் புருஷன் உதுமான் தேரடியில் சைக்கிள் கடை வைத்திருந்தார். பஞ்சர் ஒட்டுவது, வாடகைக்கு விடுவது, இதுதான் பிழைப்பு. அந்த வருமானத்தில் ஆட்டுக்கறி என்பது பெருநாளைக்குப் பார்க்கிற முகம். மற்ற நாளில் மாட்டுக்கறிதான், அதிலும் கழுத்துக்கறி. நரம்பும் சவ்வுமாக இருக்கிறது என்று மற்ற பெண்கள் தள்ளிவிட்டுப் போவதை இவள் கேட்டு வாங்குவாள். கறிக்கடைக்காரர் தேக்கிலையில் மடித்துக் கொடுக்கும்போதே, "இன்னா பீவிம்மா, வூட்ல எல்லாருக்கும் பல்லு ஸ்ட்ராங்கா இருக்கா?" என்று கேலி செய்வார்.

"பல்லு எதுக்குப்பா? எங்கிட்ட நெருப்பு இருக்கு" என்பாள்.

அவள் சொன்னதில் பொய்யில்லை. சவுக்குக் கட்டையை எரியவிட்டு, பாதியை வெளியே இழுத்துப்போட்டு, மிச்சக் கனலில் மண்சட்டியை ஏற்றி அந்தக் கறியை வேகவிடுவாள். சின்ன வெங்காயமும் இஞ்சி பூண்டும் அம்மியில் வெண்ணெயாக அரைபடும். கொத்தமல்லியை வறுத்து இடித்த தூள், பட்டை, கிராம்பு. கடைசியில் தேங்காயும் கசகசாவும். அவசரக்காரர்கள் பப்பாளிக்காயைக் கீறிப் போடுவார்கள். "அது கறிய வேக வைக்காதுடி, கரைய வைக்கும்" என்று இவள் கையைத் தட்டிவிடுவாள். பொறுமையாக வெந்து முடிந்தால் சவ்வெல்லாம் உருகி, குழம்பு விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். கறி எலும்பைத் தானே விட்டுவிடும்.

இந்தக் கறிதான் அவளுக்கும் அவள் தம்பிக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தது.

தம்பி பக்கீர் முகமதுவுக்குப் பாகூரில் ஜவுளிக்கடை. அவர் மகள் மெஹர் நிஷாவும் ரோஷன் பீவியின் மகன் ரஷீதும் ஒருத்தர்மேல் ஒருத்தர் உயிராக இருந்தார்கள். முறைப் பையன், முறைப் பெண், யாருக்கு என்ன வலி? வலி பக்கீர் முகமதுவுக்குத்தான். அவர் மகளுக்கு ஒரு சொல்தா வீட்டுப் பையனைப் பார்த்து வைத்திருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற குடும்பம்; பையன் பாரீசில் இருந்தான். பாரீசுக்குப் போகிற பெண் பஞ்சர் கடைக்குப் போவதா? பெண் பிடித்த பிடிவாதத்தில் கடைசியில் இறங்கி வந்தார். மனசு இறங்கியதே தவிர, வாய் இறங்கவில்லை. நிக்காஹ் முடிந்த கையோடு, ஜமாஅத்துக்காரர்கள் எல்லாரும் பார்க்க, "கழுத்துக்கறி துன்ற வூட்டுக்குப் பொண்ணக் குடுத்தாச்சு. இனிமே எனக்கு இங்க இன்னா வேல?" என்று சொல்லிவிட்டு, விருந்துக்கு உட்காராமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

போனவர் இரண்டு வருஷம் வாசலை மிதிக்கவில்லை. அவர் வராமல் தான் மட்டும் எப்படி வருவது என்று மெஹர் நிஷாவின் அம்மாவும் பாகூரிலேயே அழுதுகொண்டு கிடந்தாள்.

எண்பத்தாறில் நோன்பு கத்திரி வெயிலில் வந்து விழுந்தது. மெஹர் நிஷாவுக்கு அப்போது ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டிலிருந்து வந்து அழைத்துப் போகவேண்டும். ரோஷன் பீவி பிரசவம் பார்க்கமாட்டாளா என்ன? ராணி மாதிரி பார்ப்பாள். ஆனால் கூப்பிட ஆள் வராத பெண் என்று ஒருத்தி வாயிலும் தன் மருமகள் விழக்கூடாது. அந்தப் பெண் பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலை எட்டிப்பார்ப்பதை இவள் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்! தொழுதுவிட்டுக் கையேந்தும்போது, "யா அல்லா, என் தம்பிக்குப் புத்தியக் குடு" என்றுதான் ஆரம்பிப்பாள். மற்ற வேண்டுதலெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பிள்ளைத்தாய்ச்சிக்கு நோன்பில் சலுகை உண்டு. விட்ட நோன்பைப் பிறகு ஒரு சமயம் களாவாகப் பிடித்துக் கொடுத்துவிடலாம். பிறை பார்த்த அன்றைக்கே, "நோன்பு கீன்புன்னு ஆரம்பிச்சே, கால ஒடிச்சுடுவேன்" என்று மருமகளிடம் சொல்லிவிட்டாள் ரோஷன் பீவி. மத்தியானம் தன் கையாலேயே தட்டில் சோறு போட்டு உள்ளறையில் வைத்து, அவள் கூச்சமில்லாமல் சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வருவாள்.

பாதி நோன்பு கழிந்த சமயம், பாகூர் பஸ்ஸின் கண்டக்டர் கண்ணையன் சைக்கிள் கடைக்கு எதிரே படியில் தொங்கியபடி கத்தினார். "பாய்! உங்க மச்சான் வெள்ளிக்கெழம உங்க வூட்ல நோன்பு தொறக்க வராராம்! சொல்லச் சொன்னாரு!"

அவ்வளவுதான் சேதி. மகளை அழைக்க வருகிறாரா, பார்த்துவிட்டுப் போக வருகிறாரா, மிச்சம் இருக்கிறதையும் பேசித் தீர்க்க வருகிறாரா, ஒன்றும் தெரியாது. 

உதுமான் அன்றைக்கே ஆரம்பித்தார். "ஒரு நாளைக்கு ஆட்டுக்கறி எடுத்துடலாமே பீவி."

"வாணாம்."

"கோழியாச்சும்?"

"வாணாம்னா வாணாம். எந்தக் கறியச் சொல்லிட்டு எந்திரிச்சுப் போனானோ, அந்தக் கறியத்தான் அவன் துன்னணும்."

மெஹர் நிஷா பயந்துவிட்டாள். "மாமி, அத்தா கோவிச்சுக்கினு திரும்பப் போயிட்டார்னா?"

"போவட்டும் பாக்கலாம். என் சட்டிய வாசன புடிச்சவன் எவன்டி எந்திரிச்சுப் போயிருக்கான்?"

இதெல்லாம் வாய் சொன்னது. வெள்ளிக்கிழமை காலையில் கறிக்கடைக்குப் போகிற வழியெல்லாம் வீம்புக்கு இதைச் செய்து, இருக்கிற ஒரு வழியையும் அடைத்துவிடுகிறோமோ என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே கழுத்துக்கறியைத்தான் வாங்கிக்கொண்டு வந்தாள்.

மத்தியானம் ளுஹர் பாங்கு சொன்ன பிறகு சட்டியை ஏற்றினாள். நோன்பு வைத்துக்கொண்டு சமைக்கிறவளுக்கு உப்புதான் கண்டம். நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிட்டால் நோன்பு முறியாது என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லித்தான் இருந்தார். இவள் கேட்டால்தானே! "துப்பறதுக்குள்ள தொண்ட முழுங்கிடுச்சுன்னா? எனக்காக ஹஜ்ரத்தா வந்து களா புடிப்பாரு?" அதனால் நோன்புக் கஞ்சிக்கு உப்புப் பார்க்கிற வேலை பக்கத்துவீட்டுத் தையலம்மாளுடையது. கரும்புக்கொல்லைக்காரர் வீட்டு அம்மாள். நோன்பு மாதம் முழுக்க சாயங்காலம் வந்து, ஒரு கரண்டி குடித்துப் பார்த்து, "ஒரு கல்லு கொறையுது பீவி" என்று சொல்லிவிட்டு, தன் வீட்டுக்கும் ஒரு சொம்பு வாங்கிப் போவாள். ஆனால் மாட்டுக்கறிக் குழம்பை அவளிடம் நீட்ட முடியுமா? அவளும் கேட்கமாட்டாள், இவளும் நீட்டமாட்டாள். கறிக்கு ரோஷன் பீவியின் கைக்கணக்குதான்.

அன்றைக்குப் பார்த்து, மஞ்சள் போட்டுக் கறி கொதி வருகிற நேரத்தில், தையலம்மாள் கொல்லைக் கதவருகே வந்து நின்றுவிட்டாள். "உந்தம்பி வராராமே!" சந்துக்கே தெரிந்திருந்தது. வந்தால் என்ன பேசுவது, எதைப் பேசக்கூடாது என்று இரண்டு பேரும் பேசினார்கள், பேசினார்கள், அடுப்பு அணைகிற வரைக்கும் பேசினார்கள். "நீ இன்னிக்கு ஒரு நாளைக்கு வாய மூடிக்கினு இரு பீவி, எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்று புத்தி சொல்லிவிட்டுத்தான் தையலம்மாள் போனாள்.

அடுப்பை ஊதிக் கனலைக் கூட்டும்போது ரோஷன் பீவிக்குச் சந்தேகம் வந்தது. உப்புப் போட்டோமா? போட்ட மாதிரியும் இருந்தது, போடாத மாதிரியும் இருந்தது. வெயில், தாகம், தம்பி வருகிற கவலை, எல்லாமாகச் சேர்ந்து மண்டை குழம்பியிருந்தது. மறுபடி போட்டு, முன்பே போட்டிருந்தால் சட்டியோடு கவிழ்க்க வேண்டியதுதான்.

"நிஷா! இங்க வாம்மா. நீதான் நோன்பு இல்லியே, உப்பு பாத்துச் சொல்லு."

மெஹர் நிஷா வந்தாள். கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டாள். முந்தானையை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள்.

"சரியா இருக்கு மாமி."

"நெஜமா?"

"நெஜமாத்தான் மாமி."

அப்பாடா என்று ரோஷன் பீவி தேங்காய் அரைக்கப் போனாள்.

நோன்பு திறக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது பக்கீர் முகமது வந்தார். கையில் பேரீச்சம்பழப் பொட்டலமும் ஒரு சீப்பு வாழைப்பழமும் இருந்தன. "வாங்கத்தா" என்று மகள் சொன்னதற்கு "ம்" என்றார். அவள் வயிற்றைப் பார்த்தார். உடனே சுவரைப் பார்த்தார். உதுமானும் ரஷீதும் பாயில் அவரோடு உட்கார்ந்தார்கள். பாங்கு சொன்னதும் பழத்தை வாயில் போட்டு, கஞ்சியைக் குடித்தார்கள். "கடைசி பஸ்ஸப் புடிக்கணும், பள்ளிக்குப் போவ நேரமில்ல" என்று பக்கீர் முகமது அங்கேயே தொழுதார்; மற்ற இருவரும் அவரோடு நின்றுகொண்டார்கள். தொழுது முடித்ததும், "இருக்கறதப் போடுக்கா, கெளம்பணும்" என்றார்.

கிளம்பணும்! வந்த காலிலேயே கிளம்பணும்! ஒரு வாய் தண்ணீர் குடித்து நோன்பைத் திறந்த ரோஷன் பீவி, குழம்பை எட்டிப்பார்க்கக்கூட நேரமில்லாமல் சோற்றைப் போட்டு ஊற்றினாள். மெஹர் நிஷா உள்ளே இன்னும் தொழுகைப் பாயில் இருந்தாள்.

பக்கீர் முகமது தட்டைப் பார்த்தார். என்ன கறி என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நிமிர்ந்து அக்காளைப் பார்த்தார். அக்காள் கண்ணைத் தாழ்த்தவில்லை. பிசைந்து ஒரு கவளம் வாயில் வைத்தார். மென்றார். மெல்லுவதை நிறுத்தினார்.

"ஏங்க்கா, இந்த வூட்ல உப்புகூடப் போடறதில்லியா?"

ரஷீத் தலையைக் குனிந்துகொண்டான். உதுமான் சப்தமில்லாமல் விழுங்கினார். ரோஷன் பீவி சட்டியில் விரலை விட்டு நாக்கில் வைத்தாள். ஒரு கல் உப்பு இல்லை. போச்சு! எல்லாம் போச்சு! எந்தக் கறியால் அவன் வாயை அடைக்க நினைத்தாளோ, அந்தக் கறியை இப்படியா அவன் முன்னால் வைக்க வேண்டும்?

"நிஷா! நீ உப்பு பாத்தியா இல்லியா?"

மெஹர் நிஷா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பாக்கல மாமி."

"பாக்காமயா சரியா இருக்குன்னே? உனக்கு இன்னாடி கேடு?"

"நான் நோன்பு மாமி."

ரோஷன் பீவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இன்னிக்கா?"

"பெறை பாத்த நாள்லேர்ந்து. நீங்க திட்டுவீங்கன்னு சொல்லல. தொறந்ததும் உப்பு பாத்துடலாம்னுதான் இருந்தேன், அதுக்குள்ள நீங்க போட்டுட்டீங்க."

"அப்ப தெனம் நான் வெச்ச சோறு?"

"கொல்லைக்கு வர ஆட்டுக்கு" என்றாள். சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். "அத்தா வந்து நம்ம வூட்ல நோன்பு தொறக்கணும்னு நேந்துக்கினு புடிச்சேன் மாமி. இன்னிக்குப் போய் எப்படி வுடறது?"

பக்கீர் முகமது தட்டோடு எகிறினார். "அக்கா! புள்ளத்தாச்சிய, இந்த வெயில்ல, நோன்பு புடிக்க வுட்டியா? என் பொண்ணப் பட்டினி போட்டுக் கொல்லப் பாத்தியா?"

தையலம்மாள் சொன்ன புத்தியெல்லாம் போன இடம் தெரியவில்லை. "நானாடா போட்டேன்? ரெண்டு வருசமா அவளப் பட்டினி போட்டவன் நீடா! பஸ்ஸு சத்தம் கேக்கறப்பல்லாம் ஓடிப்போய் வாசல்ல நிக்கறாடா எம்புள்ள! நான் போட்ட சோறு அவ தொண்டையில எறங்குமா?"

பக்கீர் முகமது திரும்ப உட்கார்ந்தார். கையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. வெளியே பாகூர் போகிற கடைசி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று. அவர் தலையைத் திருப்பவில்லை.

"உப்பு குடு" என்றார்.

ரோஷன் பீவி உப்புச் சட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் ஒரு சிட்டிகை எடுத்துத் தூவிப் பிசைந்தார். எலும்பைத் தொட்டதுமே கறி கழன்று வந்துவிட்டது. அதைச் சோற்றோடு சேர்த்து உருட்டி, "வாம்மா, இப்படி ஒக்காரு" என்று மகளைக் கூப்பிட்டு அவள் வாயில் வைத்தார். அவள் அழுதுகொண்டே மென்றாள். இன்னொரு வாய் கொடுத்தார். அடுத்ததைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். அப்புறம் சட்டியில் இருந்த எலும்பைக்கூடக் கேட்டு வாங்கி உறிஞ்சினார். உதுமான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

கையைக் கழுவிவிட்டு வந்து, அக்காள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "ஞாயித்துக்கெழம அவ அம்மாவக் கூட்டிக்கினு வரேன்க்கா. புள்ளைய எங்க வூட்டுக்கு அனுப்பி வெப்பியா?"

இந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவள் கையேந்திக் கிடந்தாள். வார்த்தை வந்துவிட்டது. அப்போதும் அவளால் சும்மா இருக்க முடிந்ததா?

"சும்மால்லாம் அனுப்ப மாட்டேன். ரெண்டு பேரும் வந்து நோன்பு தொறந்து, இதே கழுத்துக்கறிய உப்போட துன்னுட்டு, அப்புறமா கூட்டிக்கினு போ."

"சரிக்கா" என்றார் பக்கீர் முகமது.

"அன்னிக்கு நான் நோன்பு இல்ல மாமி" என்றாள் மெஹர் நிஷா. "நானே உப்பு பாக்கறேன்."

"பாப்பே, பாப்பே" என்று ரோஷன் பீவி முந்தானையில் மூக்கைச் சிந்திக்கொண்டு அவளுக்கு ஒரு தட்டில் சோறு போட்டாள்.