பொன்னாடைக்கு முன் ஒரு கேள்வி

தயாளினியால் ஓரிடத்தில் இருக்க முடியாது. பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் அவள் வேலை செய்யும் மளிகைக் கடையில் ஆள் வராத நேரத்திலும் டின்களை எடுத்து எடுத்து அடுக்குவாள். வீட்டில் சாப்பாட்டுக்கு நடுவில் எழும்பிப் போய் வாசல் பூட்டைப் பார்த்துவிட்டு வருவாள். யாழ்ப்பாணத்தில் ஷெல்லுக்குப் பயந்து பங்கருக்குள் வளர்ந்த உடம்பு. யாராவது கதவை அடித்துச் சாத்தினாலே தூக்கிவாரிப் போடும்.

அப்படிப்பட்டவள், தான் குடியிருக்கும் பாரிஸ் புறநகர் எபினேயில் துப்பாக்கி சுடும் கிளப்பில் சேர்ந்தபோது தெரிந்தவர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். கணவன் பிரசாந்தன் கேட்டே விட்டான்: "உமக்கென்ன விசரே? துவக்குக்குப் பயந்துதானே இஞ்சை ஓடி வந்தனாங்கள்?"

"ஓம். அங்கை சத்தம் எப்ப வரும் எண்டு தெரியாது. இஞ்சை நான் சுட்டால்தான் வரும்."

ஞாயிறு காலைகளில் கடதாசி இலக்கின் முன் நிற்கும்போது மட்டும் அவள் கை நடுங்காது. எந்த டாக்டரும் எழுதித் தராத மருந்து அது.

அதிலும் மண் விழுந்தது. விளையாட்டுத் துப்பாக்கியை இனி யாரும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது, கிளப்பிலேயே இரும்பறை கட்டி இரவுபகல் காவல் போடவேண்டும் என்று ஒரு சட்டம் வரப் பார்த்தது. பெரிய கிளப்புகள் சமாளிக்கும். நிலக்கீழ் அறையில் நடக்கும் எபினே கிளப்பை மூடவேண்டியதுதான். எபினே தொகுதி எம்.பி. மரி-கிளேர், தேர்தல் நேரம் தயாளினியின் வீட்டுக்கு வாக்குக் கேட்டு வந்து, "உங்கள் கிளப்பைப் பார்க்காமல் முடிவெடுக்க மாட்டேன்" என்று கைகொடுத்துச் சொன்னவர். வரவே இல்லை. முதல் வாக்கெடுப்பில் சட்டத்துக்கு ஆதரவாகக் கை உயர்த்தினார். இறுதி வாக்கெடுப்பு மிச்சமிருந்தது. தயாளினிக்கு நித்திரை போய்விட்டது.

அந்த நேரம் பார்த்துத் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு மரி-கிளேரை அழைத்திருந்தார்கள். பதவியில் உள்ளவரைக் கண்டால் போதும், நம்மவர்களுக்குப் பொன்னாடை போர்த்தக் கை பரபரக்கும். கேள்வி கேட்கத்தான் வாய் வராது. பெண் எம்.பி.க்குப் பெண்தான் போர்த்த வேண்டும், பிரெஞ்சும் தெரியவேண்டும் என்று சங்கத் தலைவர் இராஜதுரை தயாளினியைப் பிடித்தார்.

மேடையில் பொன்னாடையை விரித்தவள் போர்த்தவில்லை. மைக்கை நோக்கிக் குனிந்து பிரெஞ்சில் கேட்டாள்: "மேடம், எங்கள் கிளப்புக்கு வருவேன் என்றீர்கள். வராமலே ஏன் கை உயர்த்தினீர்கள்?"

மரி-கிளேர் சிரித்தார். "துப்பாக்கியால் பிள்ளைகள் சாகிறார்கள். போரிலிருந்து வந்த உங்களுக்கு அது புரியும்."

சிலர் கை தட்டினார்கள்.

"நன்றாகப் புரியும். அதனால்தான் கேட்கிறேன். அந்தச் சட்டத்தை வாசித்தீர்களா?"

மரி-கிளேரின் சிரிப்பு போய்விட்டது. "முழுவதும் இல்லை. கட்சி முடிவெடுத்தது."

"தங்கச்சி, எங்கட மானத்தை வாங்காதையும்!" இராஜதுரை பாய்ந்து வந்து பொன்னாடையைப் பறித்துத் தானே போர்த்திவிட்டார். கமராக்கள் மின்னின. கைதட்டல் கூரையைப் பிளந்தது.

ஆனாலும் தயாளினி இறங்கிப் போகவில்லை. மரி-கிளேருக்குப் பக்கத்தில் போய், அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"இறுதி வாக்கெடுப்பன்று பார்வையாளர் மாடத்தில் நான் இருப்பேன், மேடம். உங்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்."

கூட்டத்துக்கு உயர்த்தி அசைத்துக்கொண்டிருந்த கையை மரி-கிளேர் கீழே இறக்கினார்.