வெர்னா அனுப்பாத நூற்று நாற்பது கடிதங்கள்

வெர்னா லாட்டினனுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. காபியைக்கூட நின்றுகொண்டேதான் குடிப்பாள். அமெரிக்காவில் சுப்பீரியர் ஏரிக்கரைச் சிற்றூர் ஒன்றின் லுத்தரன் கிறிஸ்தவ சபைக்குப் பத்தொன்பது வருடங்களாக அவள்தான் செயலாளர். இரண்டாயிரத்து ஒன்றில் சபைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. ஞாயிறு அறிக்கையை ஒரே சொடுக்கில் நூற்று நாற்பது பேருக்கு அனுப்பலாம் என்று தெரிந்ததும், தன்னை நினைத்தே யாரோ கண்டுபிடித்த இயந்திரம் என்று பூரித்துப் போனாள்.

மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பாடகர் குழுவின் டோலரஸ் பெயரில் ஒரு மெயில் வந்திருந்தது. 'நீங்கள் கேட்ட படங்கள்' என்ற ஒரே வரி, கூடவே ஒரு கோப்பு. வெர்னாவுக்கு எந்தப் படமும் கேட்டதாக நினைவில்லை. கேட்டு மறந்திருப்போம் என்று திறந்துவிட்டாள். படம் எதுவும் வரவில்லை. மோடத்தின் விளக்குகள் மட்டும் விடாமல் மினுக்கின. காபி ஊற்றிக்கொண்டு திரும்பினாள். இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தன. தொலைபேசிக் கம்பியை மோடத்திலிருந்து பிடுங்கிப் போனில் மாட்டினாள். மாட்டியதுதான் தாமதம், மணி அடித்தது.

"அரை மணியா அடிக்கிறேன், உன் லைன் பிஸி!" டோலரஸ் மூச்சு வாங்கினாள். "என் பேர்ல மெயில் வந்தா தொறந்துடாத!"

"தொறந்துட்டேனே."

"ஐயய்யோ! அது வைரஸ், வெர்னா. உன் பட்டியல்ல இருக்கிற அத்தனை பேருக்கும் உன் பேர்லயே போயிருக்கும். வச்சிருக்கிற படத்தையெல்லாம் அழிச்சிடுதாம்."

வெர்னா சபைப் பட்டியலை எடுத்து ஒவ்வொரு எண்ணாகச் சுழற்றினாள். பாதி வீடுகளில் லைன் பிஸி. இணையத்துக்கும் போனுக்கும் ஒரே கம்பி என்பதால், இணையத்தில் இருப்பவர்களைப் போனில் பிடிக்க முடியாது. அவர்களுக்குத்தான் உடனே சொல்லியாக வேண்டும். கோட்டை மாட்டிக்கொண்டு டிரக்கைக் கிளப்பினாள்.

முதல் வீட்டில் ஈனோ சாரி மவுஸும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

"கைய எடுங்க ஈனோ!"

"ஏன், கடிச்சிடுமா?"

"கடிக்கும்."

"நீதானே அனுப்பியிருக்க? உன் பேர் போட்டிருக்கே."

"பேர யார் வேணும்னாலும் போட்டுக்கலாம். நான் அனுப்பல."

ஈனோ கையைத் தொடையில் துடைத்துக்கொண்டார், ஏதோ ஒட்டிக்கொண்டதுபோல.

பனிச்சேற்றில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். சில இடங்களில் முந்திக்கொண்டாள், சில இடங்களில் பிந்திவிட்டாள். எங்கும் பூட்ஸைக் கழற்றவில்லை. மூன்று மணிக்கு மேட்டுத் தெருவில் வைனோ ஹெய்க்கிலாவின் கதவைத் தட்டினாள். அவர் மனைவி சில்வி இறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

"வா வெர்னா. நீ அனுப்பின படம் ஒண்ணுமே தெரியலம்மா. நாலு தடவ அமுக்கிட்டேன்."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அடக்கம் முடிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, சபைக்காரர்களிடம் சில்வியின் படங்கள் இருந்தால் வாங்கி அனுப்பச் சொல்லி இவர் கேட்டிருந்தார். சரி என்று தலையாட்டிவிட்டு மறந்தே போயிருந்தாள்.

கம்ப்யூட்டரில் கடைசிக் கோடையில் எடுத்த சில்வியின் படங்கள் நாற்பத்துச் சொச்சம் இருந்தன. பெயர்கள் அப்படியே இருந்தன. எதைத் திறந்தாலும் வெறும் வெள்ளை.

"உன் பேரப் பாத்தேன். அதுக்கு மேல நான் எதுக்கு யோசிக்கணும்?" என்றார் வைனோ. குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலாம் என்றிருந்தது அவளுக்கு. ஜன்னலுக்கும் அடுப்புக்குமாக நடந்தாள்.

"உக்காரும்மா, தல சுத்துது எனக்கு."

அவளால் முடியவில்லை.

அடுத்த மூன்று வாரமும் ஒரு செருப்புப் பெட்டியோடு அலைந்தாள். சில்வி எங்காவது தெரிகிற படம் இருந்தால் கொடுங்கள் என்று வீடு வீடாகக் கேட்டாள். பத்தொன்பது கிடைத்தன. ஒன்றில் பாதி முகம், இன்னொன்றில் முதுகு, மற்றொன்றில் யாருடைய பிறந்தநாள் கேக்குக்கோ பின்னால் ஒரு கை. வைனோ எல்லாவற்றையும் மேசையில் பரப்பினார். ஒன்றை மட்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

"என்னத் திட்டிக்கிட்டிருக்கா பாரு. எதுக்குன்னு நல்லா ஞாபகம் இருக்கு." சிரித்தார், பிறகு மூக்கைச் சிந்தினார். கம்ப்யூட்டரில் அழிந்த படங்கள் திரும்பி வரவேயில்லை.

ஏப்ரலில் சபையின் நிலவறைக் கூடத்தில் வியாழன்தோறும் மெயில் பற்றி ஒரு வகுப்பு தொடங்கினாள். வெட்கத்தில் இரண்டு வாரம் பாட்டு ஒத்திகைக்கே வராமலிருந்த டோலரஸ் ஏலக்காய் ரொட்டியோடு வந்து நின்றாள். எட்டுப் பேர் வந்தார்கள். வைனோ முன்வரிசையில் உட்கார்ந்தார்.

"தெரியாதவன் அனுப்பினா தொறக்க மாட்டேன், சரி. தெரிஞ்சவங்க பேர்ல வந்தா?" என்று கேட்டார்.

"போன் பண்ணிக் கேளுங்க."

"லைன் பிஸியா இருந்தா?"

"காத்திருங்க. ஒரு நாள் ஆனாலும் மெயில் ஓடிடாது."

"காத்திருக்கச் சொல்றது யாரு பாருங்க!" என்றாள் டோலரஸ். நாற்காலிகளுக்கிடையே நடந்துகொண்டிருந்த வெர்னாவும் சிரித்துவிட்டாள்.

அந்த வாரத்திலிருந்து ஞாயிறு அறிக்கையை அவள் தனித்தனியாக அனுப்பினாள். இது உண்மையிலேயே வெர்னாதான் என்று தெரிய, ஒவ்வொன்றிலும் அந்த ஆளுக்கும் அவளுக்கும் மட்டுமே தெரிந்த ஒரு வரி இருக்கும். ஈனோவுக்கு, 'உங்கள் வாசற்படியின் மூன்றாவது பலகை ஆடுகிறது, நான் விழப் பார்த்தேன்.' நூற்று நாற்பது பேருக்கு நூற்று நாற்பது வரி. அதற்கே வெள்ளிக்கிழமை முழுதும் போயிற்று. பத்துக் கடிதத்துக்கு ஒருமுறை எழுந்து கூடத்தைச் சுற்றி வருவாள்.