ஜீப்பில் திட்டு வாங்கிய பாட்டுகள்

ஆலங்காயத்தில் ஒரு செல்போன் கடையின் மாடி அறைதான் எங்கள் பங்க் இசை நிறுவனம். நானும் ஒரு நண்பனும் நடத்தினோம். கிட்டாரும் டிரம்ஸும் கத்தலுமாக இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும் பாட்டுகள். பெரிய கம்பெனிகள் சீந்தாதவை. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துப் பையன்கள் பாடினார்கள். நாங்கள் கேசட்டாகவும் இணையத்திலும் வெளியிட்டோம்.

எதை வெளியிடுவது என்பதற்கு நண்பன் ஒரு விதி வைத்திருந்தான். பதிவான பாட்டைத் திருப்பத்தூரிலிருந்து ஜவ்வாது மலைமேல் புதூர்நாட்டுக்கு ஆளேற்றிப் போகிற ஜீப்பில் போடுவோம். மேலே போய்ச் சேர்வதற்குள் யாராவது திட்டி நிறுத்தச் சொன்னால் வெளியிடுவோம். யாரும் திட்டாவிட்டால் பாட்டு திரும்பிப் போகும். தொந்தரவு செய்யாத பாட்டு பங்க் ஆகாது என்பது அவன் கட்சி.

முதல் பாட்டு ஓடும்போதே பின் இருக்கையிலிருந்து ஒரு அம்மா குரல் கொடுத்தார்.

"இன்னா டிரைவரே, இன்ஜின்ல எதுனா மாட்டிக்கிச்சா?"

"பாட்டும்மா."

"பாட்டா? எவனுக்கோ வயித்து வலின்னு நெனச்சேன். நிறுத்துப்பா, கொயந்த முழிச்சிக்கப் போவுது."

நண்பன் என் தொடையில் ஓங்கித் தட்டினான். அந்தப் பாட்டு சென்னை வரை போனது. பெங்களூரிலிருந்துகூடக் குழுக்கள் எங்களைத் தேடி வந்தன. விதி வேலை செய்தது.

பிறகு குழுக்கள் தாங்களே செல்போனில் பதிவு செய்து தாங்களே ஏற்றிக்கொள்ளத் தொடங்கின. எங்களிடம் வருவது நின்றது. மிஞ்சியது நண்பனின் சொந்தக் குழுவின் தொகுப்பு. ஊரார் பாட்டெல்லாம் வந்த பிறகுதான் தன்னுடையது என்று ஒதுக்கி வைத்திருந்தான்; அதற்காகவே ஷூ கம்பெனி வேலையையும் விட்டிருந்தான். அது வெளிவந்தால் நிறுவனம் பிழைக்கும். இல்லையென்றால் மாடி அறையைக் காலி செய்ய வேண்டியதுதான்.

அன்றைக்கு ஜீப் முழுக்க மளிகை மூட்டையும் ஆட்களும். பாட்டு ஆரம்பித்தது. ஒருவரும் திரும்பவில்லை. இரண்டாவது, மூன்றாவது பாட்டும் போயின. கடைசியில் ஒரு அம்மா வாய் திறந்தார்.

"சவுண்ட கொஞ்சம் ஏத்துப்பா, பின்னாடி கேக்கல."

நண்பன் திரும்பி உட்கார்ந்தான். "யம்மா, இது உங்களுக்குத் தொந்தரவா இல்லீங்களா?"

"இன்னா தொந்தரவு? வாரா வாரம் கேட்டுப் பழகிப்போச்சி. போன தபா போட்டது இத்த விட வேகமா இருந்திச்சி."

"வேணும்னா நான் திட்டட்டுங்களா?" என்றார் ஓட்டுநர்.

வண்டியே சிரித்தது. அதே ஜீப், அதே ஆட்கள். எதிரிகள் என்று நம்பி, ஜவ்வாது மலையிலேயே தேர்ந்த பங்க் ரசிகர்களை நாங்கள் உருவாக்கி வைத்திருந்தோம்.

புதூர்நாட்டில் இறங்கியதும் நான் ஒரு யோசனை சொன்னேன். "கணியம்பாடி பக்கம் ஒரு வண்டியில போட்டுப் பாக்கலாம். அங்க இன்னும் யாரும் கேக்கல."

"எத்தினி பேரத் திருப்பி அனுப்பிச்சோம்? அவங்களுக்கு வேற வண்டி தேடினோமா? எனக்கு மட்டும் இன்னாத்துக்கு?"

அவன் சொன்னது சரி. திரும்பும்போது முதல் பாட்டிலிருந்து போடச் சொன்னான். டிரம்ஸ் எங்கே மெதுவாகிறது என்று திருப்பத்தூர் வரை ஒரு புளி வியாபாரியோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தான். இறங்கும்போது பாட்டுகள் இருந்த பென்டிரைவை ஓட்டுநரிடமே விட்டுவிட்டான்.

அடுத்த வாரம் மாடி அறையைக் காலி செய்தோம். அந்தத் தொகுப்பு இன்றுவரை வெளியாகவில்லை. புதூர்நாட்டு ஜீப்பில் போகிறவர்களுக்கு அது மனப்பாடம்.