மரக்காணத்தில் விட்டுவந்த செருப்பு

தை பிறந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. விடியற்காலை ஐந்தரை மணிக்குத் திண்டிவனத்தில் மரக்காணம் பஸ்ஸைப் பிடித்தேன். முப்பத்தைந்து கிலோமீட்டர்தான் தூரம். பஸ் ஓட்டுநர் வழியில் பெருமுக்கல்லில் இறங்கி நிதானமாக டீ குடித்தார். மலைக்கோயிலுக்கு மேலே வானம் வெளுத்துக்கொண்டிருக்க, நான் உள்ளே பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வெயில் ஏறினால் பூநாரைகள் படத்துக்கு ஆகாது என்று யாரோ சொல்லக் கேட்டு, கோவையிலிருந்து இரவெல்லாம் கண் விழித்து வந்தவன் நான்.

வரச்சொன்னவள் நிர்மலா. என்னோடு பள்ளியில் படித்தவள், இப்போது கால்நடை மருத்துவர். குளிர்காலத்தில் இந்தக் கடற்கரைக்கு வரும் பறவைகளின் எச்சத்தைச் சேகரித்து, பறவைக் காய்ச்சல் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க ஆய்வகத்துக்கு அனுப்புகிறாள். இருந்தால், அதன் மரபணுவைப் படித்து அது எங்கிருந்து கிளம்பியது, எந்த வைரஸுக்குச் சொந்தம் என்றுகூடச் சொல்லிவிடுவார்களாம். "எட்டு மணிக்கு வந்துடுவேன். அதுவரைக்கும் உப்பளத்துக்குள்ள இறங்காதே" என்று போனில் சொல்லியிருந்தாள். நான் இறங்கினேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி உப்புப் பாத்திகள் கண்ணுக்கு எட்டியவரை கிடந்தன. ஆட்கள் இன்னும் வரவில்லை. வரப்பின் மேலேயே நடந்து, பின்னால் உப்புநீரைத் தேக்கி வைத்திருந்த பெரிய தேக்கத்துக்குப் போனேன். பூநாரைகள் தொலைவில் ரோஜா நிறக் கோடாகத் தெரிந்தன. இந்தப் பக்கம் நீர் ஓரமெல்லாம் எச்சம் அப்பிக் கிடந்தது. அதை மிதித்துக்கொண்டு நின்று, படம் எடுத்து, எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டேன்.

திரும்பும்போது வாய்க்காலுக்கு அப்பால், அறுவடை முடிந்த வயலில் புகை தெரிந்தது. வலை கட்டிய பட்டி, அதற்குள் நூற்றுக்கணக்கில் வாத்துகள். வானூர்ப் பக்கத்திலிருந்து மேய்ச்சலுக்கு வந்த ஏழுமலையும் அவர் மனைவி தனமும் அங்கே தங்கியிருந்தார்கள். பசியோடு போன என்னை வலைக்கு வெளியிலேயே தனம் நிறுத்தினார்.

"செருப்ப அங்கயே விடுங்க சார். உள்ள சாமி இருக்குது."

மஞ்சள் பூசிய ஒரு செங்கல்லைக் காட்டினார். ஏழுமலை, "முள்ளு குத்தும், போட்டுக்குனு வரட்டுமே" என்றார். தனம் முறைத்த முறைப்பில் கழற்றிவிட்டேன். ஒரு செம்புத் தண்ணீரைக் காலில் ஊற்றிய பிறகுதான் உள்ளே விட்டார். அறுத்த நெல்தாள் உள்ளங்காலில் குத்த, முனகிக்கொண்டே போய் உட்கார்ந்தேன். வாத்து முட்டையில் ஆஃப் பாயில் போட்டுத் தந்தார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, வலைக்கு வெளியே தப்பியிருந்த ஒரு வாத்து என் செருப்பின் வாரைக் கொத்திக்கொண்டிருந்தது. மூன்று பேரும் சிரித்தோம். நான் அதையும் படம் எடுத்தேன். தனம் அதைப் பிடித்து உள்ளே விட்டதும் கூட்டத்தோடு கூட்டமாகக் கலந்துவிட்டது.

நிர்மலா சொன்னபடி எட்டு மணிக்கு ஜீப்பில் வந்தாள். ஓட்டுநர் ஆரோக்கியராஜ் ஐஸ் பெட்டியை இறக்கினார். நான் பெருமையோடு அவர்களை அந்தத் தேக்கத்துக்கு அழைத்துப் போனேன். நிர்மலா தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தவள் எடுக்கவே இல்லை. நான் நின்ற இடத்துக்குச் சற்றுத் தள்ளி, கோரைக்குள் காட்டு வாத்துகள் ஐந்தாறு செத்து மிதந்தன. இன்னொன்று கழுத்து திருகிக்கொண்டு, நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தது.

"இங்க வந்தியா நீ?"

"வந்தேன்."

"இந்தச் செருப்போடவா? அப்புறம் எங்க போனே?"

வாத்து என் செருப்பைக் கொத்தும் படத்தைப் போனில் காட்டினேன். அவள் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

அவள் வெள்ளைக் கவச உடை போட்டுக்கொண்டு செத்த பறவைகளில் மாதிரி எடுத்தாள். பிறகு பஞ்சுக் குச்சியால் என் செருப்பின் அடியைத் துடைத்து, அதையும் ஒரு குப்பியில் போட்டாள். செருப்பு இரண்டும் மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பைக்குள் போயின. வாத்துகளிலும் மாதிரி எடுத்தே ஆக வேண்டும் என்றாள்.

ஏழுமலையிடம் அவள் மறைக்காமல் சொன்னாள்: காட்டுப் பறவையில் மட்டும் வைரஸ் இருந்தால் கண்காணிப்போடு போய்விடும். வளர்ப்பு வாத்தில் வந்துவிட்டால் மொத்தப் பட்டியையும் கொன்று புதைக்க வேண்டியதுதான்.

அன்று மாலை வாத்துகளை வானூர்ப் பக்கம் ஏற்றிப்போக மினி லாரி சொல்லி வைத்திருந்தார் ஏழுமலை. "காட்டு வாத்து இறங்குற தண்ணிக்கு இதுங்கள நான் விட்டதே இல்ல. இவரு செருப்புக்கு நான் ஏம்மா நிக்கணும்? நான் கெளம்பறேன்" என்றார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. நிர்மலா கெஞ்சினாள். நோய் இருந்து, லாரியில் போனால், போகிற ஊரெல்லாம் அதுவும் கூடப் போகும் என்றாள். ஏழுமலை காதில் வாங்கவில்லை.

தனம்தான் என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். "நாங்க நிக்கறோம்மா. ஆனா ரிசல்ட் வர்ற வரைக்கும் இந்த சாரும் ஊர விட்டுப் போவக் கூடாது."

"போக மாட்டேங்க" என்றேன். லாரி காலியாகத் திரும்பிப் போனது. ஏழுமலை அதன் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை.

கடைவீதியில் ரப்பர் செருப்பு ஒன்று வாங்கிக்கொண்டு ஒரு லாட்ஜில் தங்கினேன். காய்ச்சல் இருக்கிறதா என்று நிர்மலா காலையும் மாலையும் கேட்டாள். அவள் கேட்காத நேரத்தில் நானே கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். தேக்கத்துக்குப் போகும் பாதையை அடைத்துவிட்டார்கள். செத்த பறவைகளைச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்கள். டீக்கடையில் ஒருவர், "வெளியூர்ப் பறவைதாம்பா கொண்டாந்து விடுது" என்றார். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

தினமும் விடிந்ததும் வாய்க்காலின் இந்தக் கரையில் போய் நிற்பேன். அந்தக் கரையிலிருந்து தனம் கையை விரித்து ஆட்டுவார். ஒன்றும் சாகவில்லை என்று அர்த்தம். ஒரு காலை கையை ஆட்டவில்லை. குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். வாத்து ஒன்று தலையைச் சாய்த்துக் கிடந்தது. ஏழுமலை ஓடி வந்தார். நான் கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பட்டது போதும், இப்படியே வண்டியேறி ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. தனம் அதைத் தூக்கி நிறுத்தினார். வலையில் சிக்கிய கால். விடுவித்ததும் நொண்டிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து ஓடியது. இக்கரையில் நான் அழுதேன்.

தொற்று தெரியச் சில நாள் ஆகலாம் என்று வாத்துகளில் இரண்டாம் முறையும் மாதிரி எடுத்து அனுப்பினார்கள். அதற்கும் பதில் வந்த அன்று நிர்மலா போன் செய்யாமல் நேரிலேயே வந்தாள். என்னையும் அழைத்துக்கொண்டு வாய்க்கால் கரைக்கு நடந்தாள். அங்கே நின்று சத்தமாகச் சொன்னாள்.

"ரெண்டு தடவையும் உங்க வாத்துல ஒண்ணும் இல்லைங்க!"

ஏழுமலை தலைத்துண்டை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

"அப்ப என் செருப்பு?" என்றேன், மெதுவாக.

"இருந்துச்சுடா. செத்த வாத்துல இருந்த அதே வைரஸ். மரபணுவப் படிச்சுப் பார்த்துட்டாங்க, எழுத்துக்கு எழுத்து ஒண்ணு. அந்த வாத்து வாரைக் கொத்தினதோட விட்டுச்சு, அடியக் கொத்தல. அவங்க உன்னை உள்ளயும் செருப்போட விடல. அவ்வளவுதான், நீ தப்பிச்சே."

தப்பித்தது நானா? அக்கரையில் நின்றிருந்தவர்களைப் பார்த்தேன். கும்பிட்டு, "மன்னிச்சுக்குங்க" என்று கத்தினேன். தனம் அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"அடுத்த தைக்கு வாங்க சார். ஆஃப் பாயில் போட்டுத் தர்றேன். செருப்பு மட்டும் வேணாம்."

அன்று மாலையே திண்டிவனம் வழியாகக் கிளம்பி, மறுநாள் காலை கோவை வந்து சேர்ந்தேன். எங்கள் தெருவில் எல்லோரும் வாசலில்தான் செருப்பை விடுவோம். வீட்டுக்குள் அழுக்கு வரக் கூடாது, அவ்வளவுதான் எங்கள் கவலை. வழக்கம்போல நானும் கழற்றிவிட்டு உள்ளே போனேன். பையை இறக்கி வைக்கும்போது வெளியே கொக்கரிக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், பக்கத்து வீட்டு நாட்டுக்கோழி ஒன்று குஞ்சுகளோடு வந்து மரக்காணத்து வாய்க்கால் கரையை மிதித்து வந்த ரப்பர் செருப்பைக் கிளறிக்கொண்டிருந்தது. போட்டது போட்டபடி வாசலுக்கு ஓடினேன்.