ராத்தாவும் மறைந்திருக்கும் புலமும்

போர் முடிந்ததென்று கல்முனை வீதியில் பட்டாசு வெடித்த வாரத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து ஊருக்கு வந்திருந்தேன். எனக்கு அக்கா முறையான ராத்தா, நிவாரணமாகக் கடலை விட்டுத் தள்ளிக் கட்டிக்கொடுத்த வீட்டில் தனியாக இருந்தாள். சுனாமி அவளுடைய ஒரே மகளைக் கொண்டுபோயிருந்தது. மையத்து கிடைக்கவேயில்லை. உடல் இல்லாமல் ஊரார் தொழுத காயிப் ஜனாஸா என்ற இறுதித் தொழுகையை அவள் ஏற்கவுமில்லை. "காயிப் எண்டா மறைவு. மவுத்து எண்டா சொல்லிருக்கு?" என்று, சாவு என்ற பேச்சை எடுத்தாலே சண்டைக்கு வருவாள்.

அன்று, என்ன படிக்கிறாய் என்று கேட்டாள். எனக்கோ வாய் சும்மா இருக்காது. பிரபஞ்சம் விரிகிறது, அதைக் கருஞ்சக்தி என்ற ஒன்று விரைவுபடுத்துகிறது என்று அளக்கத் தொடங்கினேன். அறையின் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வெப்பநிலை இருப்பதுபோல, வெளி முழுக்க அது ஒரு புலமாகப் பரவியிருக்கலாம். அது ஈர்ப்பையே கொஞ்சம் மாற்றவும் கூடும் என்றேன்.

"அத ஆராச்சும் கண்டிருக்காங்களா?"

"இல்ல ராத்தா. இரிக்கலாம் எண்டு ஊகம்தான்."

"அப்ப அதுவும் காயிப்தான்."

எங்கள் ஊரில் காயிப் என்ற சொல் விழுந்த இடத்தில் ஊகத்துக்கு இடமில்லை, ஈமான் என்ற நம்பிக்கைதான்.

"எல்லாம் ஒண்டவிட்டு ஒண்டு விலகுது எண்டாய். என்ட புள்ளயும் இன்னும் தூரமாப் போறாளா?"

பதறிப்போய் ஆறுதல் சொல்லப் பார்த்தேன். ஊரும் பூமியும் ஈர்ப்பின் பிடியில் இருக்கின்றன, விலகா. பொருள் நிறைந்த இடத்தில் அந்தப் புலம் ஒளிந்துகொள்ளும், வெறுமையில்தான் கைவரிசையைக் காட்டும் என்றேன்.

ராத்தா வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். "அப்ப இந்த ஊட்டுக்குள்ள அதுதான் இரிக்கி."

இந்தச் சுவரே அதை மறைக்கப் போதும் என்று சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு யாரால் பௌதிகம் பேச முடியும்?

"அது ஒரு காலத்தில குறையுமா? குறைஞ்சா எல்லாம் கிட்ட வருமா?"

உண்மையில் அது ஒருவருக்கும் தெரியாது. "தெரியா ராத்தா" என்றேன்.

என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எல்லாரும் மவுத்து, மவுத்து எண்டுதான் சொன்னாங்க. நீ ஒருத்திதான் தெரியா எண்டு சொன்னாய்."

நான் தெரியாதென்றது புலத்தைப் பற்றி. அதை அவளிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை.